குனிந்த தலைக்கு விழுந்த ஓட்டு

எனக்கு முழங்கால் வலி கிடையாது. ஐம்பத்தெட்டு வயதில் அது கொடுப்பினை என்று என் வயதுப் பெண்கள் சொல்வார்கள். நாற்காலி வேண்டாம், தரையில் ஒரு மெத்தை போட்டால் இன்னும் வசதியாக உட்கார்ந்து பேசுவேன் என்று நான் சொன்னபோது நீங்கள் சிரித்தீர்கள், ஐயா. நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. தேர்தலில் நிற்கிறவர் பேச வேண்டும், அவருடைய மனைவி மண்டியிட வேண்டும். எங்கள் ஒகுஹாமா நகரத்தில் அதுதான் முறை. மூன்று நகரசபைத் தேர்தல்களில், மீன் ஏலக்கூடத்தின் ஈரச் சிமெண்டுத் தரை உட்பட, நான் மண்டியிடாத இடம் பாக்கியில்லை.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன். மறைப்பதற்கு என்னிடம் எதுவும் இல்லை.

என் கணவர் குராமோச்சி யசுஹிரோ நல்ல மனிதர். நகராட்சியின் குடிநீர்ப் பிரிவில் வேலை பார்த்துவிட்டு நகரசபைக்கு வந்தவர். குழாய் ஒழுகும் சத்தத்தை அவரால் பொறுத்துக்கொள்ள முடியாது. சட்டைப்பையில் எப்போதும் நாலு ரப்பர் வாஷர்கள் இருக்கும். துக்கம் விசாரிக்கப் போன வீட்டில்கூட, கும்பிட்டு ஊதுபத்தி ஏற்றி முடித்ததும், "குளியலறைக் குழாய் சொட்டுது போலிருக்கே" என்று எழுந்துவிடுவார். குடி கிடையாது. ஒன்பது மணிக்குத் தூங்கிவிடுவார். வேறு பெண்ணை நிமிர்ந்து பார்த்தவர் இல்லை. உண்மையைச் சொன்னால் என்னையும் அதிகம் பார்த்ததில்லை.

போன வருடம் நவம்பரில் மேயர் தேர்தல் வந்தது. அவரை நிற்கச் சொன்னது எங்கள் ஆதரவாளர் சங்கத் தலைவர் இசோகாய். மதுக்கடை வைத்திருப்பவர், எழுபத்தி மூன்று வயது, ஊரில் யார் யாருக்கு ஓட்டுப் போடுவார்கள் என்பதைக் கடைக்கு வருகிறவர்களின் முகத்திலிருந்தே படித்துவிடுவார். எதிர்த்து நின்றவர் டாக்டர் தோகுரா. குழந்தை மருத்துவர், நாற்பத்தாறு வயதுப் பெண். கெட்டிக்காரி. ஒகுஹாமாவில் பாதிக் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டவள் அவள்தான். செப்டம்பர் கடைசியில் இசோகாய் எங்கள் வீட்டுக்கு வந்து, கால் மடித்து உட்கார்ந்து, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"தாயே, வருத்தப்படாம கேளுங்க. உங்க வீட்டுக்காரரைப் பத்தி யாரைக் கேட்டாலும் 'நல்ல மனுஷன்'ங்கிறாங்க."

"அது நல்லதுதானே?"

"நல்ல மனுஷன்னு சொல்லிட்டாங்கன்னா ஓட்டு இல்லைன்னு அர்த்தம். திட்டுறவனுக்குக்கூட அஞ்சாறு பேர் போடுவாங்க. இவரைத் திட்டக்கூட எவனுக்கும் ஒண்ணும் தோண மாட்டேங்குது."

நான் அவருக்கு இன்னொரு கோப்பைத் தேநீர் ஊற்றினேன். அவர் சொன்னது சரிதான்.

அதே வாரத்தில்தான் பக்கத்து நகரத்தில் ஒரு மாகாண சபை உறுப்பினருக்குத் தேர்தல் முடிவு வந்தது. அந்த ஆள் தன் அலுவலகப் பெண்ணோடு வெந்நீர் ஊற்று விடுதிக்குப் போய் வந்தது படத்தோடு வெளியாகி, ஒழிந்தான் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஆனால் செய்தியாளர் கூட்டத்தில் அவன் மனைவி அவனுக்குப் பக்கத்தில் வந்து நின்று தலை தாழ்த்தினாள். அவன் முந்தைய தேர்தலைவிட அதிக ஓட்டில் ஜெயித்தான். மறுநாள் சமூகக் கூடத்தில் சோற்றுருண்டை பிடிக்க உட்கார்ந்திருந்தோம். மீனவர் கூட்டுறவு மகளிர் அணித் தலைவி கயோ அங்கே இருந்தாள். என் நெருங்கிய தோழி. அவளுக்கு அந்த நகரத்தில் அக்காவும் தங்கையும் இருக்கிறார்கள்.

"எங்க அக்கா என்ன சொன்னா தெரியுமா? 'அந்தக் கழிசடைக்கா நான் போட்டேன், அந்தம்மாவுக்கு இல்ல போட்டேன்'ங்கிறா."

"தலையைக் குனிஞ்சா பாரு, நிமிரவே இல்ல. எனக்கு டி.வி.யை அணைக்க மனசே வரல" என்றாள் இன்னொருத்தி.

"மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது, நல்லா சமைக்கிறவ."

"அந்தப் பொண்ணைச் சொல்லணும். வெட்கம் கெட்டவ. ஆம்பளைன்னா ஆயிரம் இருக்கும், இவளுக்கு எங்க போச்சு புத்தி?"

"சரி, இந்த தோகுரா டாக்டரம்மா புருஷன் ஒசாகாவுல தனியா இருக்கானாமே. அவனுக்கு யாரு சோறு பொங்கிப் போடுறா?"

"அதானே. அதை யாருமே கேக்க மாட்டேங்கிறாங்க பாரு."

நான் சோற்றில் உப்புத் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். ஒகுஹாமாப் பெண்கள் வேட்பாளரைப் பார்த்து ஓட்டுப் போடுவதில்லை, அவருக்கு ஒரு அடி பின்னால் நிற்கிறவளைப் பார்த்துத்தான் போடுகிறார்கள் என்று எனக்கு அன்று புரிந்தது. பன்னிரண்டு வருடமாக நான் ஒரு அடி பின்னால் நின்றிருக்கிறேன். யாரும் என்னைப் பார்த்ததில்லை. ஏனென்றால் எனக்கு எந்தத் தீங்கும் நடந்திருக்கவில்லை.

ஆகவே என் கணவருக்கு ஒரு கள்ளத்தொடர்பு தேவைப்பட்டது. அவரிடம் இல்லை. அதில் அவரைக் குறை சொல்ல முடியாது.

பிரசார வண்டியில் ஒலிபெருக்கியில் பேசுவதற்கு மியாகே நகிசா என்ற பெண்ணை வைத்திருந்தோம். முப்பத்தி நாலு வயது, விவாகரத்து ஆனவள், ஒன்பது வயதில் ஒரு மகள். குரல் அருமையாக இருக்கும். எங்கள் நகரப் பேருந்துகளில் 'அடுத்த நிறுத்தம் துறைமுக வாசல்' என்று சொல்வது அவளுடைய பதிவு செய்த குரல்தான். அக்டோபரில், ஒத்திகையின்போதே அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. நான் வெள்ளை முள்ளங்கியைத் தேனில் ஊறவைத்து ஒரு புட்டியில் போட்டேன். என் கணவரிடம் கொடுத்து, போகிற வழியில் அவள் வீட்டில் கொடுத்துவிடச் சொன்னேன்.

"நான் எதுக்கு? ரெண்டு வீடு தள்ளித்தானே கயோ இருக்கா, அவகிட்ட கொடுத்தனுப்பேன்" என்றார்.

"வேட்பாளரே கொண்டு போய்க் கொடுத்தா அந்தப் பொண்ணுக்கு உற்சாகமா இருக்கும். அப்புறம், அவ சமையலறைக் குழாய் ரெண்டு வாரமா சொட்டுதாம்."

குழாய் என்றதும் கிளம்பிவிட்டார்.

சாயங்காலம் ஐந்தே கால் மணிக்கு அந்த அடுக்ககத்துக்குள் போனார். ஐந்து ஐம்பத்தெட்டுக்கு வெளியே வந்தார். சட்டைக் கை முட்டிவரை மடித்திருந்தது, தலைமுடி நனைந்திருந்தது. நகிசா வாசல்வரை வந்து இரண்டு கைகளாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள். தொண்டை கட்டியிருந்ததால் அவர் காதருகே குனிந்து சொன்னாள். படம் நன்றாக விழுந்தது. மழை இல்லாத நாளாகப் பார்த்துத்தான் அனுப்பியிருந்தேன். எதிரே காய்கறிக் கடையின் வண்டி நிறுத்துமிடத்தில் என் காரிலிருந்து எடுத்தது. டோக்கியோவில் ஒரு வார இதழுக்குப் பெயர் போடாமல் அனுப்பினேன். அவர்கள் அடுக்ககத்தின் பெயரைக்கூடச் சரிபார்த்துப் போட்டார்கள். பொறுப்பான ஆட்கள்.

இதழ் வந்த வியாழக்கிழமை எங்கள் வீட்டு வாசலில் ஏழு செய்தியாளர்கள் நின்றார்கள். என் கணவர் செருப்புக்கூடப் போடாமல் வெளியே போய் உண்மையைச் சொன்னார்.

"நாப்பது நிமிஷம் உள்ள என்ன செஞ்சீங்க?"

"வாஷர் மாத்தினேன்."

நாட்டின் எல்லாத் தொலைக்காட்சிகளிலும் அது வந்தது. அன்று மாலையே துறைமுகப் பக்கத்துக் குடிக்கடைகளில் அது வழக்குச் சொல்லாகிவிட்டதாக இசோகாய் சொன்னார். மனைவிக்குத் தெரியாமல் வெளியே போகிறவன் இப்போது "வாஷர் மாத்திட்டு வர்றேன்" என்றுதான் சொல்கிறானாம். என் கணவர் சமையலறையில் உட்கார்ந்து அழுதார். அவர் அழுவதை நான் முதன்முறையாகப் பார்த்தேன்.

"நான் உண்மையைத்தானே சொன்னேன், தமாயோ?"

"உண்மைதான். ஆனா நம்புற மாதிரி இல்லையே."

"நீ நம்புறியா?"

"நான் நம்புறேன். நான் நம்பி என்ன செய்றது? மறுக்க மறுக்க அசிங்கமாத்தான் தெரியும். அந்தப் பொண்ணையும் சேத்து இழுப்பாங்க. மன்னிப்புக் கேட்டுட்டா ஒரு நாளோட முடிஞ்சிடும். அவளுக்காகவாவது கேட்டுடுங்க."

அவளுக்காக என்று சொன்னதால்தான் ஒப்புக்கொண்டார். அப்படிப்பட்ட மனிதர்.

சனிக்கிழமை காலை சமூகக் கூடத்தில் செய்தியாளர் கூட்டம். சாம்பல் நிற உடுப்புப் போட்டுக்கொண்டேன், முத்துமாலை போடவில்லை. உதட்டில் சாயம் கொஞ்சம்போல இருந்தது. ஒன்றுமே இல்லாவிட்டால் நோயாளிபோலத் தெரியும், நோயாளிக்கு வேறு வகை இரக்கம்தான் கிடைக்கும். இரண்டு நாள் வீட்டுக் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்திருந்தேன். பத்து எண்ணுவதற்குள் நிமிர்ந்தால் சடங்கு மாதிரி இருக்கும். முப்பது வரை குனிந்திருந்தால் நடிப்பு மாதிரி இருக்கும். பதினெட்டு எண்ணினால் சரியாக இருந்தது. ஒரு இளம் செய்தியாளர் என்னைப் பார்த்து, "அம்மா, உங்க கணவரை மன்னிச்சிட்டீங்களா?" என்று கேட்டார்.

நான் சொன்னேன்: "வீட்டுல அவருக்கு என்ன குறைன்னு கவனிக்காம இருந்துட்டேன். ஊர் ஜனங்க என்னைத்தான் மன்னிக்கணும்."

பின்வரிசையில் கயோ வாய்விட்டு அழுதாள்.

அதற்குப் பிறகு நடந்ததை நீங்களே தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். நான் தெருவில் நடந்தால் பெண்கள் கடைக்குள்ளிருந்து ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். மீன்காரி ஒரு கணவாய் அதிகமாகப் போட்டாள். இருபது வருடம் எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போட்ட பழச்சாற்றுக் கடைக் கிழவி, "உன் புருஷன் மூஞ்சியைப் பாக்கவே எனக்குப் பிடிக்கல, உனக்காகத்தான்டி போடுறேன்" என்று என் கன்னத்தைத் தட்டினாள். முப்பத்தியோரு வருடத் திருமண வாழ்க்கையில் அந்தப் பதினைந்து நாட்கள்தான் என்னை எல்லோரும் பார்த்தார்கள். அது எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. நீங்கள் ஆண், உங்களை எல்லோரும் எப்போதும் பார்க்கிறார்கள்.

அதே சமயம் டாக்டர் தோகுராவின் கணவர் ஒசாகாவில் யாரோ ஒரு பெண்ணோடு சாப்பிடுகிறார் என்று ஒரு பேச்சு கிளம்பியது. நான் கிளப்பவில்லை. அவர் மெலிந்துபோய்விட்டார், பாவம், யாராவது பார்த்துக்கொண்டால் தேவலை என்று மட்டும்தான் ஒரு கூட்டத்தில் சொன்னேன். மூன்று நாளில் அது முழுக் கதையாகிவிட்டது. இங்கே ஒரு விஷயம் எனக்கு விசித்திரமாகப் பட்டது. என் கணவர் தவறினார் என்றதும் என்மேல் இரக்கப்பட்டார்கள். அவள் கணவர் தவறினார் என்றதும் அவள்மேல் கோபப்பட்டார்கள்.

"புருஷனையே வச்சுக்கத் தெரியாதவ, ஊரை என்னத்தைப் பாத்துக் கிழிப்பா?" என்றாள் கயோ.

"டாக்டரம்மா தலை குனியவே இல்லையே, கவனிச்சியா? 'அது என் சொந்த விஷயம்'ங்கிறா. திமிரு."

என் கணவர் ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஓட்டு வித்தியாசத்தில் மேயரானார்.

நகிசாவைப் பற்றி நீங்கள் இரண்டு முறை கேட்டுவிட்டீர்கள். சொல்லப்போகிறேன். பேருந்தில் அவள் குரல் வரும்போதெல்லாம் பயணிகள் சிரித்தார்கள், சிலர் புகார் எழுதினார்கள். வேறு பெண்ணின் குரலுக்கு மாற்றிவிட்டார்கள். பிறகு அவள் பகுதி நேரமாக வேலை பார்த்த பல்பொருள் அங்காடியிலும் வேலை போயிற்று. டிசம்பர் முதல் வாரம், பகல் மூன்று மணி இருக்கும், எங்கள் வீட்டுக்கு வந்தாள். நான் காய்ந்த சீமைப்பனிச்சம்பழமும் தேநீரும் வைத்தேன். அவள் தொடவில்லை. பாயில் நெற்றி படக் குனிந்தாள்.

"அக்கா, நான் உங்ககிட்ட வேறெதுவும் கேக்கல. அந்த மருந்தைக் கொடுத்து அவரை நீங்கதான் அனுப்பினீங்கன்னு மட்டும் சொல்லிடுங்க. அது ஒண்ணு போதும்."

"நான் சொன்னா நம்புவாங்களா நகிசா? புருஷனைக் காப்பாத்தப் பொய் சொல்றான்னு இன்னும் என்னைத்தான் பாராட்டுவாங்க. உனக்கு ஒண்ணும் ஆகாது."

"பள்ளிக்கூடத்துல என் பொண்ணை 'வாஷர்'னு கூப்பிடுறாங்க அக்கா. அவளுக்கு என்ன அர்த்தம்னுகூடத் தெரியல. என்கிட்ட வந்து கேக்குறா."

"வேற ஊருக்குப் போயிடேன். உனக்கு இருக்கிற குரலுக்கு எங்கயும் வேலை கிடைக்கும்."

அவள் நிமிர்ந்தாள். அவள் குனிந்ததை நான் எண்ணிக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. நாற்பதுக்கும் மேல் போயிருந்தது. ரொம்ப அதிகம். பார்க்கிறவர்களுக்குச் சலிப்புத்தான் வரும்.

அவள் ஊரைவிட்டுப் போகவில்லை. அதனால்தான் எல்லாம் கெட்டது. ஜனவரி கடைசியில் மேயர் பள்ளிக்கூடங்களைப் பார்வையிடும் வாரம் வந்தது. ஆரம்பப் பள்ளி ஒன்றில் மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் வரிசையாக நின்று பாடினார்களாம். கடைசியில் நின்ற ஒரு சிறுமியைப் பக்கத்தில் நின்றவர்கள் இடித்து, "வாஷர், உங்கப்பா வந்திருக்காரு" என்று சொன்னது என் கணவர் காதில் விழுந்திருக்கிறது. வீட்டுக்கு வந்தவர் சோற்றைத் தொடவில்லை.

"திங்கக்கிழமை மத்தியானம் பத்திரிகைக்காரங்களை வரச் சொல்லப்போறேன்" என்றார்.

"எதுக்கு?"

"அன்னைக்கு ஒண்ணுமே நடக்கலைன்னு சொல்லணும். ஜெயிக்கணுங்கிறதுக்காகச் செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லணும். பதவி போகும். போகட்டும். அந்தப் பொண்ணுக்கு ஒன்பது வயசு, தமாயோ."

நான் பாத்திரங்களை எடுத்து வைக்கத் தொடங்கினேன். அவர் என் முதுகைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "அன்னைக்கு ஏன் என்னை அனுப்பினே? கயோகிட்ட கொடுத்துவிடலாமேன்னு சொன்னேனே."

"எனக்குத் தோணல."

"குழாய் சொட்டுதுன்னு உனக்கு யாரு சொன்னா? நகிசா அப்படி யார்கிட்டயும் சொல்லவே இல்லைன்னு அன்னைக்கே சொன்னா. உண்மையில அது சொட்டவே இல்ல. நான்தான், வந்தது வந்தோம்னு வாஷரை மாத்திட்டு வந்தேன்."

அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. "உன் பேரு வராது. நானா செஞ்ச மாதிரிதான் சொல்வேன். நீ பயப்படாதே" என்றார். எழுந்து வந்து, என் கையிலிருந்த தட்டை வாங்கி அவரே துடைத்து அடுக்கினார்.

அவர் என்னைப் புரிந்துகொள்ளவே இல்லை, ஐயா. என் பெயர் வருவதைப் பற்றி நான் பயப்படவில்லை. எதுவுமே நடக்கவில்லை என்று அவர் சொல்லிவிட்டால் நான் யார்? கணவன் வஞ்சிக்காத மனைவி. மறுபடியும் ஒரு அடி பின்னால் நிற்கிற ஒருத்தி. கயோ அழுத அழுகைக்கும், அந்தக் கிழவி தட்டிய கன்னத்துக்கும் நான் என்ன பதில் சொல்வது? ஒரு நகரத்துப் பெண்கள் முழுவதும் எனக்குக் கொடுத்த கண்ணீரை இவர் தனி மனிதராகத் திருப்பிக் கொடுத்துவிடப் பார்த்தார். மேயருக்கு அவ்வளவு அதிகாரம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் விடாமல் பனி கொட்டியது. திங்கட்கிழமை காலை கூரையின் விளிம்பு முனக ஆரம்பித்தது. செய்தியாளர்கள் வரவேண்டியது மத்தியானம் இரண்டு மணிக்கு. ஒன்பது மணிக்கு அவர் பனி தள்ள ஏணியில் ஏறினார். உங்களுக்குத் தெரியும், எங்கள் பகுதியில் கூரையிலிருந்து விழுந்து ஒவ்வொரு குளிர்காலத்திலும் யாராவது ஒருவர் போய்ச்சேருகிறார். செய்தித்தாளில் அதற்கு மூன்று வரிதான். அதனால் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டுதான் ஏறுவார். கயிறு கூரையைத் தாண்டி வீட்டின் மறுபுறம் வரும். அங்கே இருக்கும் இரும்புத் தூணில் அதைக் கட்டுவது என் வேலை. முப்பத்தியோரு குளிர்காலமாக நான்தான் கட்டியிருக்கிறேன். மேலேயிருந்து அவர் இரண்டு முறை இழுத்துப் பார்ப்பார். இறுக்கமாக இருந்தால் வேலையைத் தொடங்குவார்.

அன்றும் இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். நான் தூணில் கட்டவில்லை, கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். இறுக்கமாகத்தான் பிடித்தேன்.

"சரியா இருக்கா?" என்று மேலேயிருந்து கேட்டார்.

"சரியா இருக்கு" என்றேன்.

பிறகு விட்டேன்.

வடக்குப் பக்கத்துக் கூரைப் பனி முழுவதும் ஒரே பலகையாகச் சரிந்தது. அவரும் அதோடு போனார். நான் வீட்டைச் சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தபோது பனிக் குவியல் என் தோள் உயரத்துக்கு இருந்தது. ஒரு கையுறை மட்டும் வெளியே தெரிந்தது. உள்ளேயிருந்து அவர் குரல் கேட்டது. "தமாயோ" என்றார். பக்கத்து அறையில் அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு எதையோ தேடுகிறவர் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. மண்வெட்டி சுவரில் சாய்ந்து நின்றது. நான் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், மத்தியானத்துக்கு அரிசி களைந்தேன். மூன்று தண்ணீர் களைந்தேன். இன்னும் இரண்டு முறை கூப்பிட்டார். பிறகு கூப்பிடவில்லை. சமையலறைக் கடிகாரத்தில் இருபத்தைந்து நிமிடம் ஆனதும் வெளியே ஓடிவந்து அலறினேன். கயோவின் கணவரும் இன்னும் நாலு பேரும் வந்து வெறுங்கையால் தோண்டினார்கள். கயிறு அவர் இடுப்பில்தான் இருந்தது. "தூண்ல கட்டினது நழுவிடுச்சு, பாவம்" என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள். நான் எதுவும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

ஏழாம் நாள் பூசை முடிந்ததும் இசோகாய் மெதுவாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தாயே, இப்பப் பேசுறது தப்புதான். அம்பது நாளுக்குள்ள தேர்தல் வச்சாகணும். துக்கத் தேர்தல்ல நிக்கிற விதவையை இந்தப் பக்கத்துல எவனும் ஜெயிச்சதில்ல."

"எனக்குப் பேசவே தெரியாதே."

"நீங்க எதுக்குப் பேசணும்? வந்து நின்னா போதும்."

டாக்டர் தோகுரா மறுபடியும் நின்றாள். மருத்துவமனை, பள்ளிக்கூடம், பனி அள்ளும் வண்டி என்று நல்ல திட்டங்கள் வைத்திருந்தாள். நானே இரண்டைப் படித்துப் பார்த்தேன், பிரமாதமாக இருந்தது. நான் அவருடைய படத்தைக் கருப்பு ரிப்பனோடு மார்பில் பிடித்துக்கொண்டு நின்றேன். கூட்டத்தில் ஆண்கள்கூட அழுதார்கள். வஞ்சித்த கணவனை மன்னித்து, பிறகு அவனையும் பறிகொடுத்தவள். இதற்கு மேல் ஒரு மனைவி என்ன செய்ய முடியும் என்று கயோ ஒலிபெருக்கியில் கேட்டாள். நூற்றுக்கு எழுபத்தெட்டு ஓட்டு எனக்கு விழுந்தது.

இதற்கிடையில் நகிசாவால்தான் அவர் மனம் ஒடிந்து கால் தவறினார் என்று பேச்சு கிளம்பியிருந்தது. அவள் வீட்டுக் கதவில் யாரோ வாஷர்களை ஒட்டிவிட்டுப் போனார்கள். மார்ச்சில் மகளைக் கூட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போய்விட்டாள். அது நியாயமில்லை என்றுதான் எனக்கும் பட்டது. ஆனால் வாக்காளர்களின் அபிப்பிராயத்தில் தலையிடுவது ஒரு வேட்பாளருக்கு அழகில்லை.

நீங்கள் நேற்றுக் காட்டிய படத்தைப் பார்த்தேன். அந்தத் திங்கட்கிழமை எங்கள் எதிர்வீட்டு மதிலைப் பனி அள்ளும் வண்டி இடித்துவிட்டது என்று அவர்கள் புகார் கொடுக்க, நகராட்சி எழுத்தர் ஒருவர் வண்டியின் கேமராவை ஓட்டிப் பார்த்திருக்கிறார். படத்தின் ஓரத்தில் நான் தெரிகிறேன். ஒன்பது பதினான்குக்குக் குவியல் அருகே நின்று கையைத் துடைக்கிறேன், உள்ளே போகிறேன். வண்டி அந்த முனையிலேயே நின்றதால் ஒன்பது முப்பத்தொன்பதுக்கு நான் ஓடிவருவதும் விழுந்திருக்கிறது. அந்தக் கேமராக்களை வைக்கச் சொன்னது என் கணவர். மேயராக அவர் செய்து முடித்த ஒரே வேலை அதுதான். கயிறு அதில் விழவில்லை. அது வீட்டின் மறுபுறம். நான் சொல்லாவிட்டால் உங்களுக்குத் தெரிந்திருக்காது. இருந்தாலும் சொன்னேன். எழுதும்போது அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: கயிறு நழுவவில்லை, நான் விட்டேன். கூப்பிட்டது கேட்டது. மண்வெட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

இதுவரை நீங்கள் மரியாதையாகத்தான் நடந்துகொண்டீர்கள், ஐயா. ஆனால் இன்று காலை, காகிதத்தைப் பார்த்துக்கொண்டே, "இதுக்குப் பின்னால வேற ஆண் யாராவது உண்டா?" என்று கேட்டீர்கள். இந்த மூன்று நாளில் எனக்கு வலித்தது அது ஒன்றுதான். காவல் நிலைய வாசலில் கயோ நிற்கிறாள் என்று சொன்னீர்கள், அவளும் அதையேதான் கேட்கிறாளாம். நான் சொன்ன காரணத்தை அவள் இன்னும் நம்பவில்லை, நம்பவும் வேண்டாம். மற்றதையெல்லாம் எந்த வரிசையில் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் முதல் வரியில் இதைப் போடுங்கள், ஊர் ஜனங்களுக்குத் தெரியவேண்டும்: முப்பத்தியோரு வருடத்தில் என் கணவருக்கு நான் ஒரு நாளும் துரோகம் செய்ததில்லை.